கொன்ஸாகாவுக்கு எந்த லீக் பொருந்தும்? நடுத்தரக் கான்ஃபரன்ஸ்களின் போட்டித்தன்மையை எடைபோடுதல்

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கில் ஸ்போகேன் நகரில் இருக்கும் கொன்ஸாகா என்ற இயேசு சபைப் பல்கலைக்கழகம், 1979 முதல் தான் விளையாடிவந்த வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸிலிருந்து (கான்ஃபரன்ஸ் என்பது கல்லூரி அணிகள் சேர்ந்து ஆடும் லீக்) விலகி, பெரும்பாலான உறுப்பினர்கள் வெளியேறிய பின் மறுபடியும் கட்டப்படும் பேக்-12 கான்ஃபரன்ஸில் சேரப்போவதாக 2024 அக்டோபர் 1 அன்று அறிவித்தது. மாற்றம் நடைமுறைக்கு வரும் நாளாக 2026 ஜூலை 1 குறிக்கப்பட்டது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பின்தொடரும் நம்மவர்களில் பலர் இதைப் பணத்துக்காக எடுத்த முடிவு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பணமும் இதில் உண்டு. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் முன் வெவ்வேறு காலங்களில் நான்கு வழிகள் இருந்தன: இருந்த இடத்திலேயே இருப்பது, மவுண்டன் வெஸ்ட்டுக்குப் போவது, பிக் 12-இல் சேர்வது, புதிய பேக்-12-ஐத் தேர்ந்தெடுப்பது. இவற்றை ஒப்பிட வேண்டுமென்றால், ஒரு கான்ஃபரன்ஸ் உண்மையில் எவ்வளவு போட்டி மிகுந்தது என்பதை எந்த அளவுகோலால் சொல்வது என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும்.

கல்லூரிக் கூடைப்பந்தின் உச்ச மட்டமான முதல் பிரிவில் 2024-25 பருவத்தில் 360-க்கும் மேற்பட்ட அணிகள் 31 கான்ஃபரன்ஸ்களில் விளையாடின. அமெரிக்கக் கால்பந்தின் தொலைக்காட்சிப் பணத்தில் செழிக்கும் எஸ்.இ.சி., பிக் டென், பிக் 12, ஏ.சி.சி. ஆகியவற்றையும், கூடைப்பந்துக்கென்றே பெயர்பெற்ற பிக் ஈஸ்ட்டையும் ஒதுக்கிவிட்டால், எஞ்சியவற்றில் ஓரளவு வலுவானவற்றைத்தான் மிட்-மேஜர் என்கிறார்கள். அந்தப் பருவத்தின் மார்ச் மாதத் தேசியப் போட்டியில் 68 இடங்கள். ஒவ்வொரு கான்ஃபரன்ஸின் சாம்பியனுக்கும் ஓர் இடம் உறுதி. மற்ற 37 இடங்களைத் தேர்வுக் குழு தன் மதிப்பீட்டின்படி பகிர்ந்தளித்தது. மிட்-மேஜர் அணிகளின் கவலையெல்லாம் இந்த 37-ஐப் பற்றியதுதான்.

போட்டித்தன்மை என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு பண்புகளை நாம் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, ஒரு கான்ஃபரன்ஸுக்குள் இருக்கும் அணிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு சமமானவை என்பது. மற்றொன்று, அந்த அணிகள் நாட்டின் பிற அணிகளோடு ஒப்பிடும்போது எவ்வளவு வலுவானவை என்பது. பத்து பலவீனமான அணிகள் ஒன்றையொன்று மாறிமாறி வீழ்த்தினால் புள்ளிப்பட்டியல் கடைசி வாரம் வரை பரபரப்பாகத்தான் இருக்கும். தேர்வுக் குழு அதைத் திரும்பியும் பார்க்காது. மாறாக, மிக வலுவான ஓர் அணியும் சாதாரணமான ஒன்பது அணிகளும் இருக்கும் இடத்தில் பட்டம் ஜனவரியிலேயே முடிவாகிவிடும்.

2023-24 பருவம் இதற்குத் தெளிவான பாடம். மவுண்டன் வெஸ்ட்டில் 14-4 (14 வெற்றி, 4 தோல்வி) என்ற கணக்கில் யூட்டா ஸ்டேட் முதலிடம் பிடித்தது. நெவாடாவும் பாய்ஸி ஸ்டேட்டும் 13-5, யு.என்.எல்.வி. 12-6, சான் டியேகோ ஸ்டேட் 11-7, நியூ மெக்சிகோவும் கொலராடோ ஸ்டேட்டும் 10-8. முதலிடத்துக்கும் ஏழாமிடத்துக்கும் இடையே நான்கே ஆட்டங்கள். லீக் ஆட்டங்களில் ஆறாவது தரநிலையில் (போட்டி அட்டவணைக்காக அணிகளை அடுக்கும் வரிசை; 1 மிக உயர்ந்தது) முடித்த நியூ மெக்சிகோ, லீக் ஆட்டங்களுக்குப் பின் நடக்கும் நாக்அவுட் முறையிலான கான்ஃபரன்ஸ் போட்டியின் இறுதியில் சான் டியேகோ ஸ்டேட்டை 68-61 என்று வீழ்த்திச் சாம்பியன் ஆனது. அதே பருவத்தில் வெஸ்ட் கோஸ்ட்டில் செயின்ட் மேரிஸ் 15-1, கொன்ஸாகா 14-2. மூன்றாம் இடம் அதற்கும் மூன்று ஆட்டங்கள் கீழே. மவுண்டன் வெஸ்ட்டிலிருந்து ஆறு அணிகள் தேசியப் போட்டிக்குச் சென்றன; அந்தக் கான்ஃபரன்ஸின் வரலாற்றில் அதுவே அதிகபட்சம். வெஸ்ட் கோஸ்ட்டிலிருந்து சென்றவை இரண்டு.

இந்த எண்ணிக்கையோடு நிறுத்திவிட்டால் மவுண்டன் வெஸ்ட்டே மேலானது என்று தீர்ப்பெழுதிவிடலாம். ஆனால் 2022 முதல் 2025 வரையிலான நான்கு தேசியப் போட்டிகளையும் சேர்த்துப் பாருங்கள். மவுண்டன் வெஸ்ட் அணிகளுக்கு மொத்தம் 18 இடங்கள் கிடைத்தன. அவை பெற்ற வெற்றிகள் 11. அவற்றுள் 7 சான் டியேகோ ஸ்டேட் ஒன்றே பெற்றவை, அதிலும் 5 வெற்றிகள் 2023-இல் அந்த அணி கனெக்டிகட்டிடம் 76-59 என்று தோற்ற இறுதியாட்டம் வரை சென்ற ஒரே ஓட்டத்தில் வந்தவை. 2022-இல் சென்ற நான்கு அணிகளும் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் திரும்பின. அதே நான்கு ஆண்டுகளில், எளிதான லீக்கில் விளையாடிப் பழகியதாகக் கேலிக்குள்ளான கொன்ஸாகா தனியாக 8 வெற்றிகள் பெற்றது. கடினமான லீக் கடினமான அணியை உருவாக்கும் என்ற வாதத்தை நான் ஏற்கத் தயங்குவதற்கு இதுவே காரணம். 2021-இல் 31 ஆட்டங்களில் தோல்வியே காணாமல் இறுதிக்கு வந்து பேய்லரிடம் 86-70 என்று கொன்ஸாகா விழுந்தபோதும் இதே கேலி எழுந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு யு.சி.எல்.ஏ.வை 93-90 என்று கூடுதல் நேரத்தில் வென்றதை அப்போது யாரும் பேசவில்லை. 2015 முதல் 2024 வரை நடந்த ஒன்பது தேசியப் போட்டிகளிலும் கடைசி 16 அணிகளுள் ஒன்றாக நின்ற அணியை, சோதனை காணாத அணி என்று சொல்வது பொருந்தாது.

அப்படியானால் எளிதான லீக்கால் ஏற்படும் இழப்புதான் எது? அது ஆட்டத் திறனில் இல்லை, தேர்வுக் குழுவின் மேசையில் வைக்கப்படும் தாளில் இருக்கிறது. 2018-19 முதல் குழு பயன்படுத்தும் நெட் என்ற தரவரிசை, ஒவ்வோர் ஆட்டத்தையும் எதிரணியின் இடத்தையும் ஆட்டம் நடந்த களத்தையும் வைத்து நான்கு அடுக்குகளாகப் பிரிக்கிறது. முதல் அடுக்கில் சேர வேண்டுமென்றால், சொந்தக் களத்தில் முதல் 30-க்குள் இருக்கும் அணியோடும், பொதுக்களத்தில் முதல் 50-க்குள் இருக்கும் அணியோடும், எதிரணியின் களத்தில் முதல் 75-க்குள் இருக்கும் அணியோடும் விளையாடியிருக்க வேண்டும். இதிலிருந்து கிடைக்கும் விடை எளிமையானது, ஆனால் அதிகம் கவனிக்கப்படாதது. தரவரிசையில் 31 முதல் 75 வரை இருக்கும் அணி, அதாவது நாட்டின் உச்சியில் இல்லாவிட்டாலும் தள்ளிவிட முடியாத அணி, நம் களத்தில் அல்லாமல் அதன் ஊருக்குச் சென்று ஆடும்போது முதல் அடுக்கு வாய்ப்பாக மாறுகிறது. ஒரு கான்ஃபரன்ஸில் அப்படிப்பட்ட அணிகள் ஐந்து இருந்தால், ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே ஐந்து வாய்ப்புகள் தாமாகவே அமைகின்றன. தோற்றாலும் பெரிய சேதமில்லை. வென்றால் அந்த வெற்றி மார்ச் வரை பேசும்.

ஆகவே ஒரு மிட்-மேஜர் கான்ஃபரன்ஸை அளக்க நான் பார்ப்பது அதன் முதலிடத்தையும் அல்ல, இடங்களின் மொத்த எண்ணிக்கையையும் அல்ல. மூன்றாம் இடத்திலிருந்து ஆறாம் இடம் வரையுள்ள அணிகள் பல ஆண்டுகளாக எங்கே நிற்கின்றன என்பதையே. கூடைப்பந்துப் புள்ளியியலாளர் கென் பொமராய் வெளியிடும் கான்ஃபரன்ஸ் மதிப்பீடும் கருத்தளவில் இதற்கு நெருக்கமானது: அந்தக் கான்ஃபரன்ஸின் எல்லா அணிகளோடும் ஆடி, பாதி வென்று பாதி தோற்க எவ்வளவு வலுவான அணி தேவைப்படும் என்பதை அது கணக்கிடுகிறது. உச்சியில் இருக்கும் ஒரே ஒரு மலை அந்த எண்ணைப் பெரிதாக உயர்த்த முடியாது. ஓர் ஆண்டின் எண்ணை மட்டும் நம்புவதும் ஆபத்தானது. வீரர்கள் பருவந்தோறும் கல்லூரி மாறுவது வழக்கமாகிவிட்ட இந்தக் காலத்தில், நன்றாக ஆடிய மிட்-மேஜர் அணி அடுத்த கோடைக்குள் கலைந்துபோவது இயல்பாகிவிட்டது. 2024-இல் 28 வெற்றிகளோடும் நெட் தரவரிசையில் முதல் 30-க்குள்ளும் இருந்த இண்டியானா ஸ்டேட், மிசௌரி வேலி கான்ஃபரன்ஸின் இறுதியில் டிரேக்கிடம் 84-80 என்று தோற்றதால் தேசியப் போட்டிக்கு அழைக்கப்படவே இல்லை. சில வாரங்களில் அதன் பயிற்சியாளரும் வேறிடம் சென்றார். இடையில் நிற்கும் அணிகள் வலுவாக இல்லாத கான்ஃபரன்ஸ், தன் சிறந்த அணியையே எப்படிக் கைவிடுகிறது என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் தொடங்கிய பிறகு ஓர் அணியின் வெற்றி இன்னோர் உறுப்பு அணியின் தோல்வியாகவே இருக்கும். ஒரே குளத்துத் தண்ணீரைக் குடத்துக்குக் குடம் மாற்றி ஊற்றினால் குளத்தின் மட்டம் உயராது. அந்த மட்டம் நவம்பரிலும் டிசம்பரிலும், வெளி அணிகளோடு ஆடும்போதே தீர்மானமாகிவிடுகிறது. 2023 டிசம்பர் 29 அன்று சான் டியேகோ ஸ்டேட் ஸ்போகேனுக்கே வந்து கொன்ஸாகாவை 84-74 என்று வென்றதும், நவம்பரில் கொலராடோ ஸ்டேட் கிரைட்டனை 69-48 என்று நசுக்கியதும், பிப்ரவரியில் அந்த அணிகள் ஒன்றையொன்று வீழ்த்தியபோது ஒவ்வொரு வெற்றிக்கும் விலை உயர்ந்ததற்குக் காரணங்கள். மவுண்டன் வெஸ்ட்டின் ஆறு இடங்கள் பெருமளவு புத்தாண்டுக்கு முன்பே சம்பாதிக்கப்பட்டவை. தேர்வுக் குழுவும் அந்த மதிப்பை முழுமையாக நம்பவில்லை போலும்; ஆறில் ஐந்து அணிகளுக்கு 8 அல்லது அதற்குக் கீழான தரநிலையே கொடுத்தது.

இனி வழிகளுக்கு வருவோம். வெஸ்ட் கோஸ்ட்டிலேயே தங்கியிருப்பதை மேலோட்டமாகத் தள்ளிவிடக் கூடாது. 1955, 1956 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்ற சான் ஃபிரான்சிஸ்கோ இதன் உறுப்பினர். கொன்ஸாகா 2013 முதல் 2023 வரை ஒவ்வொரு பருவத்திலும் முதலிடத்தைத் தனியாகவோ பகிர்ந்தோ பெற்றது. 2018-இல் கொன்ஸாகா மவுண்டன் வெஸ்ட்டுக்குப் போக முனைந்தபோது, அதைத் தக்கவைக்க இந்தக் கான்ஃபரன்ஸ் தன் விதிகளையே மாற்றிக்கொண்டது: லீக் ஆட்டங்களை 18-இலிருந்து 16 ஆகக் குறைத்தது, லாஸ் வேகாஸில் நடக்கும் கான்ஃபரன்ஸ் போட்டியில் முதல் இரண்டு அணிகள் நேராக அரையிறுதியில் இறங்கும்படி அட்டவணையை மாற்றியது, தேசியப் போட்டியில் ஈட்டும் பணத்தில் அதை ஈட்டிய அணிக்குக் கூடுதல் பங்கு கொடுத்தது. 16 ஆட்டங்கள் என்பது சிறிய சலுகையாகத் தோன்றலாம். ஆனால் 2024 பிப்ரவரி 10 அன்று, இடம் கிடைக்குமா என்ற ஐயம் சூழ்ந்திருந்த நேரத்தில், லீக் பருவத்தின் நடுவே லெக்சிங்டனுக்குச் சென்று கென்டக்கியை 89-85 என்று வெல்லும் வாய்ப்பு கொன்ஸாகாவுக்குக் கிடைத்தது இத்தகைய இடைவெளியால்தான்.

ஆனால் 2023-இல் பி.ஒய்.யு. (பிரிகம் யங் பல்கலைக்கழகம்) பிக் 12-க்குப் போன பிறகு அந்தக் கான்ஃபரன்ஸின் இடைப்பகுதி மெலிந்தது. 2022-இல் கொன்ஸாகா, செயின்ட் மேரிஸ், சான் ஃபிரான்சிஸ்கோ என மூன்று அணிகள் தேசியப் போட்டிக்குச் சென்றன. அடுத்த மூன்று ஆண்டுகளிலும் இரண்டுக்கு மேல் செல்லவில்லை. 2024-25 கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். நெட் தரவரிசையில் முதல் 10-க்குள் இருந்த கொன்ஸாகாவுக்குக் குழு அளித்த தரநிலை 8. கென்டக்கி, கனெக்டிகட், யு.சி.எல்.ஏ. ஆகிய வெளி அணிகளோடு நெருங்கிய ஆட்டங்களில் தோற்றதும், லீக்கில் செயின்ட் மேரிஸிடம் இருமுறை தோற்றதும் தாளில் பதிந்தன. அவற்றை ஈடுசெய்ய ஜனவரி, பிப்ரவரியில் கடினமான வெளியூர்க் களங்கள் போதுமான அளவில் இல்லை. 8-ஆவது தரநிலையின் விலை இரண்டாம் சுற்றிலேயே தெரிந்தது: போட்டி அட்டவணையில் அதே பகுதியின் முதல் தரநிலை அணியான ஹூஸ்டனிடம் 81-76 என்று தோற்று வெளியேறியது. 4 அல்லது 5-ஆவது தரநிலை கிடைத்திருந்தால் ஹூஸ்டன் போன்ற அணியைச் சந்திப்பது ஒரு சுற்றாவது தள்ளிப்போயிருக்கும். இருந்த இடத்தில் இருப்பதன் விலை இதுதான். ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் விலை.

பிக் 12 மிட்-மேஜரே அல்ல. நாட்டின் மிகக் கடினமான கூடைப்பந்து லீக்குகளில் ஒன்று. அங்கே கடினமான களங்களுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. கொன்ஸாகா 1941-க்குப் பிறகு அமெரிக்கக் கால்பந்து அணியே இல்லாத பல்கலைக்கழகம். பிக் 12-இன் வருமானமோ கால்பந்தைச் சுற்றியே சுழல்கிறது. கால்பந்து இல்லாமல் கூடைப்பந்தை நம்பிச் சேரும் பல்கலைக்கழகத்துக்கு அங்கே எந்தக் காலத்திலும் இரண்டாம் நிலை உறுப்பினரின் மதிப்பே கிடைக்கும் என்பது என் கணிப்பு. பயணமும் சிறிதல்ல: மேற்கு வர்ஜீனியாவின் மோர்கன்டவுன் வரையிலும், ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ வரையிலும் செல்ல வேண்டும், கூடைப்பந்து அணிக்குத் தனி விமானம் கிடைத்தாலும் மற்ற விளையாட்டுகளின் மாணவர்கள் இந்தத் தூரத்தைச் சுமக்க வேண்டியிருக்கும்.

மேலே போவது எப்போதும் நல்லதல்ல என்பதற்கும் முன்னுதாரணங்கள் உண்டு. 2018-இல் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்து நாட்டையே வியக்கவைத்த லயோலா சிகாகோ, 2022-இல் மிசௌரி வேலியை விட்டு அட்லாண்டிக் 10-இல் சேர்ந்தது. முதல் பருவத்தில் 4-14 என்று சறுக்கியது, அடுத்த பருவத்திலேயே 15-3 என்று முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. விசிட்டா ஸ்டேட் 2017-இல் அமெரிக்கன் கான்ஃபரன்ஸுக்குப் போய், முதல் பருவத்தில் இரண்டாமிடம் பிடித்தாலும், முன்பிருந்த செல்வாக்கைத் தொடர்ந்து தக்கவைத்துக்கொள்ளவில்லை. 2013-இல் பிக் ஈஸ்ட்டில் சேர்ந்த கிரைட்டனோ செழித்தது. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், புதிய லீக்கின் மதிப்பைவிட அங்கே போகும் பயிற்சியாளரின் நிலைத்தன்மைதான் முடிவைத் தீர்மானிக்கிறது என்று தோன்றுகிறது. அந்த ஒரு விஷயத்தில் 1999 முதல் பயிற்சியாளர் மார்க் ஃபியூவின் கையில் இருக்கும் கொன்ஸாகாவுக்குக் கவலை குறைவு.

மவுண்டன் வெஸ்ட் 2018-இல் நல்ல வழியாக இருந்தது. 2024 செப்டம்பரில் பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், பின்னர் யூட்டா ஸ்டேட் ஆகியவை பேக்-12-க்குப் புறப்பட்டதும் அந்த வழி தானாகவே அடைபட்டது. நியூ மெக்சிகோவும் நெவாடாவும் யு.என்.எல்.வி.யும் அங்கேயே தங்கின. ஆல்புகர்க்கியில் நியூ மெக்சிகோவின் களமான தி பிட்டைப் போன்ற அச்சமூட்டும் இடம் புதிய பேக்-12-க்குக் கிடைக்காமல் போனது எனக்கு வருத்தமே.

புதிய பேக்-12-ஐ என் அளவுகோலில் வைத்தால், கொன்ஸாகாவைத் தவிர்த்து, நான்கு அணிகள் தேறுகின்றன: சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட். 2022 முதல் 2025 வரையிலான நான்கு தேசியப் போட்டிகளில் சான் டியேகோ ஸ்டேட் நான்கிலும், மற்ற மூன்றும் தலா மூன்றிலும் ஆடியுள்ளன. ஓராண்டின் அதிர்ஷ்டத்தால் கிடைத்த கணக்கு இதில்லை. பாய்ஸியின் பயிற்சியாளர் லியான் ரைஸ் பல ஆண்டுகள் ஃபியூவிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் என்பதால் அந்த ஆட்டங்களுக்குத் தனிச் சுவையும் இருக்கும். வாஷிங்டன் ஸ்டேட் ஸ்போகேனிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் புல்மனில் இருக்கிறது. 2024-இல் தேசியப் போட்டியில் ஒரு சுற்று வென்ற அணி. ஓரெகன் ஸ்டேட்டைக் கணிப்பது கடினம்: 2021-இல் கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாக வந்துவிட்டு அடுத்த பருவத்தில் மூன்றே வெற்றிகளோடு முடித்தது. 1997-க்குப் பிறகு தேசியப் போட்டியையே பார்க்காத டெக்சஸ் ஸ்டேட்டும், 2016-க்குப் பிறகு அங்கே போகாத ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டும் அடித்தட்டு. ஒன்பது அணிகளும் ஒன்றோடொன்று இருமுறை ஆடினால் 16 ஆட்டங்கள். அவற்றில் நான்கு அல்லது ஐந்து வெளியூர் ஆட்டங்கள் முதல் அடுக்கில் விழ நியாயமான வாய்ப்பு உண்டு. வெஸ்ட் கோஸ்ட்டில் அந்த எண்ணிக்கை பொதுவாக இதைவிடக் குறைவு.

பணக் கணக்கையும் தனியே பிரிக்க முடியாது. தேசியப் போட்டியில் இறுதியாட்டம் தவிர ஓர் அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதன் கான்ஃபரன்ஸுக்கு ஒரு பங்கு கிடைக்கிறது. அது ஆறு ஆண்டுகளில் பிரித்து வழங்கப்படும், மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் டாலர் பெறும். வெஸ்ட் கோஸ்ட்டில் அந்தப் பங்குகளில் பெரும்பகுதியைக் கொன்ஸாகாவே சம்பாதித்துப் பிறரோடு பகிர்ந்துவந்தது. நான்கு அணிகள் சேர்ந்து சம்பாதிக்கும் இடத்தில், கொன்ஸாகா சறுக்கும் ஆண்டிலும் வருமானம் அடியோடு நின்றுவிடாது.

எனவே நான்கு வழிகளில் பேக்-12 சரியான தேர்வு என்பதே என் முடிவு. ஆனால் அது ஆறு இடங்கள் பெறும் லீக்காக மாறும் என்ற பேச்சை நான் நம்பவில்லை. மூன்று, நல்ல பருவத்தில் நான்கு. அதுவும் டெக்சஸ் ஸ்டேட்டும் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டும் நவம்பரில் பலவீனமான அணிகளிடம் சொந்தக் களத்தில் தோற்காமல் இருந்தால்தான். தரவரிசையில் அவை 240-க்குக் கீழே விழுந்தால், அங்கே சென்று ஆடும் ஆட்டம் வென்றாலும் பயனற்ற கடைசி அடுக்கில் சேரும். தோற்றால் அந்தக் கறை மார்ச் வரை போகாது. புதிய கான்ஃபரன்ஸ் தன் உறுப்பினர்களின் வெளி ஆட்ட அட்டவணையில் தலையிடத் துணிகிறதா என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இதில் பெரிதும் இழப்பது செயின்ட் மேரிஸ். 2024, 2025 ஆகிய இரு பருவங்களிலும் கொன்ஸாகாவுக்கு மேலே தனியாக முதலிடம் பிடித்த அந்த அணிக்கு, கொன்ஸாகா போன பிறகு ஸ்போகேன் பயணம் என்ற உறுதியான முதல் அடுக்கு ஆட்டம் இல்லாமல் போகிறது. லீக்கில் ஒரே ஓர் ஆட்டத்தில் தோற்று முடித்தாலும் கான்ஃபரன்ஸ் இறுதியில் ஓர் இரவு தடுமாறினால் இண்டியானா ஸ்டேட்டின் நிலை அதற்கும் வரலாம். இரு அணிகளும் டிசம்பரில் ஓர் ஆண்டு செயின்ட் மேரிஸின் ஊரான மொராகாவிலும் மறு ஆண்டு ஸ்போகேனிலும் ஆட நீண்ட ஒப்பந்தம் செய்துகொள்வதே இருவருக்கும் லாபம். செயின்ட் மேரிஸ் முதல் 75-க்குள் நிற்கும்வரை மொராகாவின் சிறிய அரங்கம் கொன்ஸாகாவுக்கும் முதல் அடுக்குக் களம்தான்.